ரோவும் ஒமேகாவும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் மாணவன் நான். நிலையற்ற துகள் உண்டாகும் வாய்ப்பையும் அது குறிப்பிட்ட வழியில் சிதையும் பங்கையும் பெருக்கினால் விடை வந்துவிடும் என்று படித்தேன். இரண்டு துகள்கள் ஒரே விளைபொருளைத் தந்தால், இரண்டு பெருக்குத்தொகையையும் கூட்டிவிட்டால் போதாதா?

பதில்: பல நேரம் போதும், ஆனால் எப்போது போதாது என்று தெரியாமல் கூட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் படித்தது குறுகிய அகலத் தோராயம். துகளின் அகலம் (அதாவது அதன் நிறை எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்ற அளவு) அதன் நிறையைவிட மிகச் சிறியதாக இருந்தால், அது சரியாகத் தன் நிறையிலேயே பிறந்து, அப்புறம் தனியாகச் சிதைந்தது என்று வைத்துக்கொள்கிறோம். குவாண்டம் கணக்கிலோ முதலில் வீச்சுகளை (வர்க்கம் எடுத்தால் வாய்ப்பைத் தரும் எண்களை) கூட்டி, பிறகுதான் வர்க்கம் எடுக்க வேண்டும். ஒரு வீச்சு 10, இன்னொன்று 1 என்று வையுங்கள். தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 101. சேர்த்து எடுத்தால் 121, எதிர்க்குறியில் வந்தால் 81. நூற்றில் ஒரு பங்கு என்று தள்ளிவிட நினைத்த சின்னத் துகள் விடையை இருபது சதவீதம் அசைத்துவிடுகிறது, பார்த்தீர்களா? அந்த 20-தான் குறுக்கீடு.

இது கற்பனை இல்லை. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி இரண்டு பையான்கள் (குவார்க்குகளால் ஆன லேசான துகள்கள்) வரும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் ரோ அல்லது ஒமேகா என்ற நிலையற்ற துகள் உண்டாகி, அது பையான்களாகச் சிதையலாம். ரோவின் நிறை சுமார் 775 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்), அகலம் கிட்டத்தட்ட 149. ஒமேகாவின் நிறை சுமார் 783, அகலம் 9-க்கும் குறைவு. ரோவின் அகன்ற மேட்டுக்குள்ளேயே ஒமேகா உட்கார்ந்திருக்கிறது. ஒமேகா இரண்டு பையான்களாகச் சிதைவது 1.5 சதவீதம் அளவுதான். அப், டவுன் குவார்க்குகளின் நிறை வேறுபாடும் மின்காந்த விளைவும் இல்லையென்றால் அதுவும் நடக்காது. இருந்தும் அளவீட்டு வளைவில் 780-க்குப் பக்கத்தில் கோடு சட்டென்று கீழே விழுகிறது. நோவோசிபிர்ஸ்க் ஆய்வுக்கூடத்தின் அளவீடுகளில் இது பளிச்சென்று தெரியும். நான் முதன்முதலில் அந்த வளைவைப் பார்த்தபோது வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தனை அழகு. மியூவானின் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகளின்) காந்தத் திருப்புதிறனில் குவார்க்கால் ஆன துகள்களால் வரும் சிறு பகுதியை அளவீடுகளிலிருந்து கணக்கிடும்போது, இந்த இரு பையான் அளவீடுதான் பெரும்பங்கு தருகிறது, அதனால் இந்தச் சரிவைச் சரியாகப் பொருத்தாமல் விட முடியாது.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? இரண்டு நிறைகளின் வித்தியாசம் அகலங்களைவிடப் பெரிதாக இருந்தால் முகடுகள் விலகியிருக்கும், குறுக்கீடு பெரும்பாலும் மிகச் சிறியது. வித்தியாசம் அகலங்களின் அளவுக்கோ அதற்குக் கீழோ வந்தால் விடக் கூடாது. மீச்சீர்மைக் கோட்பாடுகளில் (ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கூட்டாளித் துகள் உண்டு என்று சொல்பவை) கிட்டத்தட்ட ஒரே நிறையுள்ள இரண்டு ஹிக்ஸ் துகள்கள் வரும்போது இந்தச் சிக்கல்தான். முழு வினையையும் ஒரேயடியாகக் கணக்கிடுவது பெரிய வேலை என்பதால், இடைவழி ஒன்று உண்டு: உற்பத்தி, சிதைவு வீச்சுகளை அந்தந்தத் துகளின் நிறையிலேயே மதிப்பிட்டுவிட்டு, இரண்டு பரப்பிகளின் (இடைத்துகள் ஒவ்வொன்றுக்கும் கணக்கில் வரும் காரணிகளின்) பெருக்கத்தை மட்டும் முழுதாகத் தொகையிடுவது. வீச்சுகளின் கட்டத்தை (அவை கூடுமா கழியுமா என்று தீர்மானிக்கும் கோணத்தை) தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறியே மாறிவிடும். ரோவின் அகலம் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் அங்கே இந்தக் குறுக்குவழி செல்லாது, வளைவையே பொருத்த வேண்டும்.

குறுகிய அகலம் இருந்தாலே பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். 125 ஜி.இ.வி. (ஒரு ஜி.இ.வி. என்பது ஆயிரம் எம்.இ.வி.) நிறையுள்ள ஹிக்ஸின் அகலம் கோட்பாட்டுப்படி வெறும் 4 எம்.இ.வி. அளவுதான். ஆனாலும் இரண்டு இசட் போசான்களாகச் சிதையும் வழியில், முகட்டை விட்டு வெகுதூரத்தில், இசட் இணை உண்டாகும் எல்லைக்கு மேலே, கணிசமான பங்கு கிடைக்கிறது. அங்கே பின்னணி வினையோடு (ஹிக்ஸ் இல்லாமலே இரண்டு இசட் தரும் வினையோடு) வரும் குறுக்கீடு கழித்தல் குறியோடு வருகிறது.

கேள்வி: அப்படியானால் ஒமேகாவின் எல்லாச் சிதைவுகளும் ரோவோடு குறுக்கிடுமா?

பதில்: இல்லை. ஒமேகா பெரும்பாலும் மூன்று பையான்களாகச் சிதைகிறது, அது இரண்டு பையான் வினையோடு குறுக்கிடாது. கடைசியில் வெளிவரும் துகள்கள் அத்தனையும், அவற்றின் சுழற்சி உட்பட, ஒன்றாக இருந்தால்தான் வீச்சுகளைக் கூட்ட முடியும்.