ஐந்து இரவு, மூன்று ஹோட்டல், இரண்டு குடும்பம், ஒரே ஒருவர் பெயரில் கடன்

கேள்வி: வயது 41. திருச்சியில் தனியார் வேலை, பிடித்தம் போகக் கைக்கு 88,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 26,000. போன வருடம் காஷ்மீர் போய்வந்த கடனுக்கு மாதம் 8,300 போகிறது. இன்னும் 11 மாதம் பாக்கி. வரும் மே மாதம் சிங்கப்பூர் போக ஆசை. அலைச்சல் இல்லாமல் நிதானமாகப் பார்க்க, சிராங்கூன் சாலையில் 2 இரவு, மரினா பே சாண்ட்ஸில் 1 இரவு, செந்தோசாவில் 2 இரவு என்று பிரித்திருக்கிறேன். நாங்கள் நாலு பேர். மைத்துனர் குடும்பத்தில் மூன்று பேரும் வருகிறார்கள். “மாமா, நீங்க போட்டுடுங்க, போனஸ் வந்ததும் தந்துடறேன்” என்கிறார். காஷ்மீருக்கான அவர் பங்கில் 40,000 இன்னும் வரவேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் விமானம், ஹோட்டல் செலவுக்கு ஒரு செயலியில் 4 லட்சம் தருகிறார்கள். 16% வட்டி, 24 மாதம். இதில் 2.4 லட்சம் எங்களுக்கு, மீதி அவர்களுக்கு. எந்த கிரெடிட் கார்டில் ஹோட்டல் பதிவு செய்தால் லாபம்?

பதில்: கார்டுச் சலுகையில் மூவாயிரமோ நாலாயிரமோ மிஞ்சும். நீங்கள் கேட்டது அதை. கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: காஷ்மீர்க் கடன் முடிய 11 மாதம் இருக்கும்போதே அதன் தலையில் சிங்கப்பூர்க் கடனை ஏற்றுகிறீர்கள். வீட்டுக் கடனாவது கடைசியில் வீட்டைக் கையில் தரும். பயணக் கடனில் பெட்டியைப் பிரித்து அடுக்கி முடித்த பிறகும் இரண்டு வருடம் தவணை மட்டும்தான் நிற்கும்.

4 லட்சத்துக்கு 16% வட்டியில் 24 மாதத் தவணை சுமார் 19,600. மொத்தம் கட்டுவது 4.70 லட்சம். செயலாக்கக் கட்டணம் 2%, அதற்கு 18% ஜிஎஸ்டி என்று வைத்தால் 9,440 ரூபாய் முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஆக, கடனின் விலை ஏறத்தாழ 79,500. கையில் வருவது 3.90 லட்சம்தான் என்பதால் உண்மையான வட்டி 18.5%-ஐ ஒட்டி நிற்கும். கடன் தருமுன் அவர்கள் கொடுக்க வேண்டிய கேஎஃப்எஸ் தாளில், அதாவது கடனின் முக்கிய விவரத் தாளில், ஏபிஆர் (கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி) என்ற வரியைப் பாருங்கள். விளம்பரத்தில் வராத எண் அங்கே இருக்கும்.

இப்போது மூன்று தவணையையும் கூட்டுங்கள்: 26,000 + 8,300 + 19,600 = 53,900. சம்பளத்தில் 61%. மீதி 34,100-இல் பள்ளிக் கட்டணம், மளிகை, பெட்ரோல், மருந்து எல்லாம். இதில் இன்னொரு ஓட்டை: அந்த 4 லட்சத்தில் சாப்பாடு, விசா, நுழைவுச்சீட்டு, முஸ்தஃபா கடைச் செலவு எதுவும் இல்லை. அவை கிரெடிட் கார்டில் ஏறும். இந்த மாதிரிக் கடனுக்கு “இப்போது பயணம், பிறகு பணம்” என்று பெயர் வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். பிறகு என்பது எத்தனை மாதம் என்பதை மட்டும் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். வட்டியே இல்லை என்று விற்கும் ‘நோ-காஸ்ட்’ தவணையும் ஒன்றும் இலவசமில்லை. வட்டி அளவுக்குத் தள்ளுபடி காட்டிவிட்டு, அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியை உங்களிடம் வாங்குவார்கள்.

மைத்துனர் விஷயம். 4 லட்சத்தில் அவர் பங்கு 1.6 லட்சம், அதாவது 40%. கடனின் விலையிலும் 40% அவருடையது: சுமார் 31,800. நல்ல மனிதராக இருந்து போனஸ் வந்ததும் அசலைத் தந்தாலும், “வட்டி எங்கே?” என்று மனைவியின் தம்பியிடம் கேட்க உங்களுக்கு வாய் வராது. அந்தப் பணத்தை வைத்துக் கடனை முன்கூட்டிக் குறைக்கலாம் என்றால், நிலையான வட்டித் தனிநபர் கடனில் பல நிறுவனங்கள் அதற்கும் கட்டணம் வைத்திருக்கின்றன. சில, முதல் சில மாதங்களுக்கு அனுமதிப்பதே இல்லை. அவர் டிக்கெட்டை அவரே தன் கார்டில் போடட்டும். “என் லிமிட் முடிந்துவிட்டது, நீங்க தனியா புக் பண்ணிக்குங்க” என்று சொல்லுங்கள், போதும். பழைய 40,000-ஐப் பற்றிப் பேச வேண்டிய வேளையும் இதுதான்.

இனி ஹோட்டல். நிதானம் வேண்டும் என்று தொடங்கி ஐந்து இரவுக்கு மூன்று முறை பெட்டி கட்டும் திட்டம் போட்டிருக்கிறீர்கள். அறையைக் காலி செய்வது பெரும்பாலும் 11 அல்லது 12 மணிக்கு. அடுத்த ஹோட்டலில் அறை கிடைப்பது 3 மணிக்கு. இரண்டு மாற்றத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரவேற்பறைச் சோபாவிலும் டாக்சியிலும் போகும். சாதாரண டாக்சியில் நாலு பேர்தான். ஏழு பேரும் பெட்டிகளும் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வண்டி.

தோராயக் கணக்கு, உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஓர் அறை. ஓர் இரவுக்கு முறையே 180, 750, 380 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) என்று வையுங்கள். விலைக்குப் பின்னால் ++ என்று இருந்தால் 10% சேவைக் கட்டணம், அதன்மேல் 9% ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 20% கூடும். ஐந்து இரவுக்கு 1,870 என்பது 2,242 ஆகும். வெள்ளி 70 ரூபாய் என்றால் 1.57 லட்சம். ஐந்து இரவும் சிராங்கூன் சாலையிலேயே தங்கினால் 1,079 வெள்ளி, 75,500 ரூபாய். வித்தியாசம் 81,000-க்கு மேல். மரினா பே இரவு மட்டும் 63,000. பிற்பகல் 3 முதல் மறுநாள் 11 வரை, அதாவது 20 மணி நேரத்துக்கு. அதில் எட்டு மணி நேரம் தூக்கம்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் பேஃப்ரன்ட். மரினா பே சாண்ட்ஸ் அங்கேதான். அதே லிட்டில் இந்தியாவில் வடகிழக்குப் பாதை பிடித்தால் ஹார்பர்ஃப்ரன்ட் கடைசி நிறுத்தம். எதிரே செந்தோசா, நடந்தேகூடப் போகலாம். கார்டன்ஸ் பை த பே பூங்காவின் மாலை ஒளிக்காட்சிக்குக் கட்டணம் கிடையாது. மரினா பே சாண்ட்ஸின் மாடி நீச்சல்குளம் மட்டும்தான் தங்குபவர்களுக்கு. அதன் பக்கத்திலிருக்கும் பார்வைத் தளத்துக்கு எவரும் சீட்டு வாங்கிப் போகலாம். குளம் வேண்டியே வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் அதைக் கடைசி இரவாக வைத்து, ஒரே ஒரு மாற்றத்தோடு நிறுத்துங்கள்.

பலர் கவனிக்காதது முன்பணம். பெரும்பாலும் ஒவ்வொரு ஹோட்டலும் வாடகைக்கு மேல் ஒரு தொகையைக் கார்டில் முடக்கி வைக்கும். மூன்று ஹோட்டல் என்றால் மூன்று முடக்கம். முதலாவது விடுபடும் முன்பே மூன்றாவது வந்துவிடும், ஏனென்றால் வங்கியில் அது திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். டெபிட் கார்டையோ, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரக்ஸ் கார்டையோ நீட்டினால் கைச்செலவுப் பணமே மாட்டிக்கொள்ளும். முடக்கத்துக்குக் கிரெடிட் கார்டு கொடுங்கள். இறுதி ரசீதை ஃபாரக்ஸ் கார்டில் தீர்த்துவிட்டு, முடக்கத்தை விடுவித்த சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கிரெடிட் கார்டில் 3.5% மாற்றுக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13% ஆகும். கார்டு தேய்க்கும் கருவி “ரூபாயிலா, வெள்ளியிலா?” என்று கேட்டால் வெள்ளி என்றே அழுத்துங்கள், ரூபாயில் அவர்கள் போடும் மாற்று விகிதம் இன்னும் மோசம். நீங்கள் கேட்ட கார்டுச் சலுகை இந்த 4.13%-இலேயே கரைந்துவிடும்.

சரி, எப்போது போகலாம்? இந்த மே வேண்டாம். இன்றிலிருந்து மாதம் 10,000 தொடர் வைப்பில் போடுங்கள். 11 மாதத்தில் 1.10 லட்சம். அதற்குள் காஷ்மீர்க் கடன் முடியும்; அந்த 8,300-ஐயும் சேர்த்து 18,300 வீதம் இன்னும் ஐந்து மாதம் போட்டால் 91,500. பதினாறு மாதத்தில், வட்டியை விட்டாலே, 2 லட்சம். விமானம் 80,000, ஒரே ஹோட்டல் 75,500, மற்றதற்கு 45,000. அடுத்த கோடை விடுமுறைக்குத் தவணையில்லாமல் போய்வரலாம். ஹோட்டலை இலவசமாக ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில், பணம் அங்கே போய்க் கட்டுவதாகப் பதிவு செய்யுங்கள். நாலு பேருக்கு ஓர் அறை போதுமா என்று பிள்ளைகளின் வயதைச் சொல்லி முன்பே எழுதிக் கேளுங்கள்; சில இடங்களில் 12 வயது தாண்டினால் பெரியவர் கணக்கு.

இந்த மே மாதம் பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போயாக வேண்டும் என்றால் புதுச்சேரியில் மூன்று இரவு, கடற்கரைச் சாலைக்கு நடக்கும் தூரத்தில் ஒரே ஹோட்டல். அறை வாடகை 7,500-ஐத் தாண்டாமல் பாருங்கள். 7,400 என்றால் 5% ஜிஎஸ்டியோடு 7,770. 7,700 என்றால் 18% சேர்ந்து 9,086.