பனிச் சங்கிலி: ‘எல்லா டயருக்கும் பொருந்தும்’ என்றால் நம்பலாமா?

கேள்வி: சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். சென்ற குளிர்காலத்தில் காஷ்மீரின் காசிகுண்ட் அருகே பனியில் சக்கரம் சுற்றியதே தவிர, லோடு வண்டி ஓர் அடி நகரவில்லை. இந்த டிசம்பரிலும் ஸ்ரீநகர் போகிறேன். பனியில் வழுக்காமலிருக்க டயர் மேல் மாட்டும் சங்கிலி ஒரு ஜோடியை, எல்லா டயருக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் காட்டுகிறார். வாங்கலாமா? – வாசகர், நாமக்கல்

பதில்: சங்கிலி கட்டாயம் வாங்குங்கள். அந்த ஜோடி மட்டும் வேண்டாம். உங்கள் ஊர் வழியே போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரை செல்கிறது. 2021இல் திறந்த பனிஹால் சுரங்கப்பாதை 8.45 கி.மீ. தூரத்துக்குத்தான் உங்களைக் காக்கும். வெளியே வந்தால் காசிகுண்ட் பனிதான்.

டயரின் பக்கவாட்டில் 10.00 ஆர் 20, 295/90 ஆர் 20 என்று அளவு அச்சாகியிருக்கும். அதே அளவு சங்கிலிப் பையிலும் இருக்க வேண்டும். தொளதொளவென்று கிடக்கும் சங்கிலி ஓட்டத்தில் விசிறியடித்து பிரேக் குழாயையே அறுத்துவிடும்.

அடுத்து, எந்தச் சக்கரத்துக்கு என்பது. பின்னால் இரண்டு அச்சு இருந்தாலும், சரக்கு லாரிகள் பலவற்றில் எஞ்சின் சுழற்றுவது ஒன்றைத்தான். கிரவுன் (எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பற்சக்கரம்) இருக்கும் அந்த அச்சில், இருபுறமும் மாட்டுங்கள். சும்மா உருளும் அச்சில் மாட்டினால் வண்டியை இழுக்க உதவாது. இரட்டை டயரில் வெளி டயருக்கு மட்டும் போடுவது மலிவு. லோடு வண்டிக்கு இரண்டையும் சேர்த்து மூடும் அகலச் சங்கிலியையே நான் சொல்வேன். ஏணிப்படி போலக் குறுக்கே மட்டும் ஓடுவதைவிட வைரக்கட்டமாகப் பின்னியது பக்கவாட்டுச் சறுக்கலையும் தடுக்கும்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் வண்டியிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். விரல் மரத்துப்போகும் குளிரில் உள்பக்கக் கொக்கியைத் தடவித் தேடும் பாடு எனக்குத் தெரியும். ரசீதில் டயர் அளவை எழுதி வாங்குங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைக்காரர் வாதிடக்கூடும். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இனி, மீண்டும் சிக்கினால். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரத்தின் உராய்வில் பனி உருகிக் கண்ணாடியாக உறையும். அதனால் முதலில் காலை எடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டயரின் முன்னும் பின்னும் பனியை மண்வெட்டியால் வாருங்கள். சங்கிலியை டயரின் மேலிருந்து போர்த்தி, உள்கொக்கியை முதலிலும் வெளிக்கொக்கியைப் பிறகும் மாட்டுங்கள். லிஃப்ட் ஆக்சில் (தரையிலிருந்து தூக்கிக்கொள்ளக்கூடிய அச்சு) இருந்தால் தூக்கிவிடுங்கள். எடை இழுக்கும் சக்கரத்தில் இறங்கும். இரண்டாம் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். நூறு மீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். அதன்பின் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். வெறும் தார் கண்ணில் பட்டதும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் டயரும் சங்கிலியும் சேர்ந்தே தேயும்.