ஏலக் கணக்குக்கு ஸ்கிரிப்ட்: எங்கே தொடங்குவது?

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் ஒரு மீன் ஏஜென்ட்டிடம் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்திருக்கிறேன், புரோகிராமிங் தெரியாது. படகு வாரியாக எடையையும் ஏல விலையையும் எக்ஸெலில் ஏற்றி, சாயங்காலம் அதை மாதப் பதிவில் சேர்த்து, ஒவ்வொரு படகுக்கும் தனிச் சீட்டு அடிக்க 2 மணி நேரம் பிடிக்கிறது. “ஸ்கிரிப்ட் எழுதக் கத்துக்கிட்டா ஒரே பட்டன்ல முடியும், பைத்தான் கோர்ஸ்ல சேரு” என்கிறான் தம்பி. சேரலாமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஒரே பட்டனில் முடியும், தம்பி சொன்னது சரிதான். ஆனால் கோர்ஸ் இப்போது வேண்டாம். பைத்தான் நல்ல மொழி, பின்னால் கட்டாயம் படியுங்கள். உங்கள் வேலை முழுவதும் எக்ஸெலுக்குள்ளேயே நடக்கிறது. அதற்குள்ளேயே விபிஏ என்ற மொழி 1993-லிருந்து இருக்கிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸில் கணக்கு வைத்திருப்பவர் என்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்று சொல்லியிருப்பேன், அது ஜாவாஸ்கிரிப்ட் மொழி. எந்த மென்பொருளில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறோமோ அதன் மொழியில் தொடங்குவதுதான் சுலபம். ஏனென்றால் ஸ்கிரிப்டில் பாதிக்கு மேல் அந்த மென்பொருளைப் பற்றிய அறிவுதான்: ஒர்க்புக், அதற்குள் ஷீட், ஷீட்டுக்குள் செல். இது உங்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவதுதான் பாக்கி.

முதலில் வேலையைப் பிரித்துப் பாருங்கள். படகு வாரியான மொத்தத்துக்கு ஸ்கிரிப்டே வேண்டாம், பிவட் டேபிள் (பதிவுகளைப் பெயர் வாரியாகத் தானே கூட்டித் தரும் எக்ஸெல் வசதி) போதும். அதில் ஒரே இடைஞ்சல் எழுத்துப்பிழை. ஒரு நாள் ‘கவளை’ என்றும் மறுநாள் ‘கவலை’ என்றும் அடித்தால் எக்ஸெலுக்கு அது இரண்டு மீன். ‘வஞ்சிரம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்திருந்தாலும் அப்படித்தான். மீன் பெயர்களுக்கு டேட்டா வேலிடேஷனில் ஒரு பட்டியல் வைத்துவிடுங்கள், தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்கிரிப்ட் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

மாதப் பதிவில் சேர்ப்பதும் சீட்டு அடிப்பதும்தான் ஸ்கிரிப்டுக்கான வேலைகள். இதில் சேர்ப்பதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸெலில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு மேக்ரோ என்று பெயர். வியூ பகுதியில் மேக்ரோஸ், அதில் ரெக்கார்ட் மேக்ரோ. அதை அழுத்திவிட்டு, தினமும் கையால் செய்வதை ஒருமுறை நிதானமாகச் செய்யுங்கள்: இன்றைய ஷீட்டை காப்பி செய்து, மாத ஷீட்டின் அடியில் பேஸ்ட் செய்து, ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். அப்புறம் ஆல்ட் விசையோடு எஃப் 11. நீங்கள் கையால் செய்ததையெல்லாம் எக்ஸெல் வரி வரியாக எழுதி வைத்திருக்கும். உங்கள் முதல் பாடப்புத்தகம் அதுதான்.

எக்ஸெல் ஷீட்டையும் இந்த ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எஃப் 8 அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மஞ்சள் பட்டையில் இருக்கும் வரி சொல்வது ஷீட்டில் நடக்கும், பட்டை அடுத்த வரிக்கு இறங்கும். எந்த வரி எதைச் செய்கிறது என்பது கண்முன்னால் தெரியும். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பலருக்கு ‘இது நமக்கும் வரும்’ என்ற நம்பிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான்.

மறுநாள் அதே மேக்ரோவை ஓட்டினால் ஒரு தப்பு நடக்கும், நடக்கட்டும். புதிய பதிவு நேற்றையதன் மேலேயே போய் உட்காரும். ரெக்கார்டர் ‘ஏ45’ என்று செல் முகவரியை அப்படியே எழுதியிருக்கும், நேற்று அடி வரிசை அதுதானே! இன்றைக்கு அடி எது என்று கண்டுபிடிக்க அதற்குச் சொல்லித்தர வேண்டும். கையால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஷீட்டின் கடைசி வரிசைக்குப் போய், கண்ட்ரோலோடு மேல் அம்பை அழுத்தினால் கடைசிப் பதிவில் போய் நிற்கும். அதற்கு அடுத்த வரிசைதான் உங்களுக்கு வேண்டியது. விபிஏவிலும் இதே வழிதான், ‘எண்ட்’ என்ற கட்டளையோடு ‘எக்ஸ்எல் அப்’ என்று திசை சொன்னால் போதும். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். காப்பி எடுக்கும் பகுதியிலும் இதே சிக்கல் வரும்: நேற்று 20 வரிசை, இன்று 27 வரிசை. அங்கேயும் இதே மருந்து.

மேக்ரோ செய்த மாற்றத்தை கண்ட்ரோல் இசட் போட்டுத் திரும்பப் பெற முடியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு அலுவலகத்துக் கணக்கில், அசல் ஃபைலிலேயே ஓட்டி ஒரு வாரப் பதிவை அழித்துவிட்டு, ராத்திரி முழுக்க ரசீதுகளை வைத்துத் திரும்ப ஏற்றினேன். அதனால் எப்போதும் நகலில் ஓட்டுங்கள். சேவ் செய்யும்போது மேக்ரோ உள்ள ஒர்க்புக் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள் (எக்ஸ்எல்எஸ்எம்), வழக்கமான வகையில் சேமித்தால் ஸ்கிரிப்ட் போய்விடும்.

எடைக்கு வேரியபிள் (ஸ்கிரிப்ட் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) வைக்கும்போது இன்டிஜர் என்ற முழு எண் வகை வேண்டாம். அது 32,767-க்கு மேல் தாங்காது. மாத மொத்தம் அதைத் தாண்டிய உடனே ‘ஓவர்ஃப்ளோ’ என்று நின்றுவிடும், அரைக் கிலோ கணக்கும் நிற்காது. எடைக்கு டபுள் (தசமம் தாங்கும்), வரிசை எண்ணுக்கு லாங் (பெரிய முழு எண் தாங்கும்).

தமிழில் கணக்கு வைப்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. விபிஏ ஜன்னலில் ‘சங்கரா’ என்று நேராக அடித்தால் கேள்விக்குறிகளாக விழும். அந்த எடிட்டருக்கு யூனிகோட் (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடு) தெரியாது. ஷீட்டில் தமிழ் நன்றாகவே இருக்கும், எனவே படகுப் பெயர், மீன் பெயர், சீட்டுத் தலைப்பு எல்லாவற்றையும் தனி ஷீட்டில் வைத்து, ஸ்கிரிப்ட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். புதுப் படகு சேர்ந்தாலும் ஸ்கிரிப்டைத் தொட வேண்டியிருக்காது.

சேர்ப்பது சரியாக வந்த பிறகு சீட்டுக்கு வாருங்கள். முதலில் ஒரே ஒரு படகுக்கு. அது சரியாக அச்சானதும், படகுப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதையே திரும்பச் செய் என்று சொல்லும் ‘ஃபார் ஈச்’ கட்டளையைப் படியுங்கள். ஏஐயிடம் கேட்டால் முழு ஸ்கிரிப்டையும் ஒரே மூச்சில் தந்துவிடும். நான் அதை வேறு விதமாகப் பயன்படுத்தச் சொல்வேன்: ரெக்கார்டர் எழுதியதில் புரியாத வரியைக் கொடுத்து விளக்கம் கேளுங்கள். அது எழுதித் தந்ததை ஓட்டுவதானால் எஃப் 8-ல் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அதில் நடமாடுவது மற்றவர் காசு.

இதற்கெல்லாம் தோதான நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கரையில் நிற்கும், உங்களுக்கும் வேலை குறைவாக இருக்கும். மார்ச் மாதத் தினசரி ஷீட்டுகளை நகல் எடுத்து அவற்றின் மேல் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கையால் போட்ட மார்ச் மொத்தம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் படகுக்குப் படகு பைசா பிசகாமல் ஒத்துப் போகும்வரை திருத்திக்கொண்டே இருங்கள். ஒத்துப்போய்விட்டால், ஜூனில் படகுகள் திரும்பும்போது தைரியமாக அந்தப் பட்டனை அழுத்தலாம்.