பேசும் நரியும் ஆறு கால் சிலந்தியும்

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்கு உறவினர்கள் தரும் கதைப் புத்தகங்களில் நரி பேசுகிறது, கரடி சட்டை போட்டுக்கொள்கிறது. இவை தவறான அறிவைத் தரும் என்கிறார் என் கணவர். விலங்குகளைப் பற்றிய தகவல் நூல்களை மட்டும் வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நரி பேசுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பஞ்சதந்திரக் காலத்திலிருந்து விலங்குகள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. உண்மையான நரி பேசாது என்பது உங்கள் மகனுக்கும் தெரிந்திருக்கும். குழந்தையால் கண்டுபிடிக்க முடியாத பிழைகளே கவலைக்குரியவை. சிலந்திக்கு ஆறு கால் வரைந்திருப்பார்கள். வடதுருவக் கரடியும் தென் அரைக்கோளத்துப் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் விளையாடும். நீண்ட தோகையுடன் ஒரு மயில் 'அம்மா'வாகக் குஞ்சுகளை அழைத்துச் செல்லும்.

தூக்கணாங்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்குருவி கூடு பின்னுவதாகக் கதை எழுதுவது எளிது. ஆனால் இலைகளிலிருந்து நார் கிழித்து வந்து கூடு பின்னுவது ஆண் குருவிதான்; பாதி முடிந்த கூட்டைப் பெண் குருவி வந்து சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால், மீதியையும் நீண்ட நுழைவாயிலையும் ஆண் குருவியே கட்டி முடிக்கிறது, ஏற்காவிட்டால் அந்தக் கூடு பெரும்பாலும் அரைகுறையாகவே நின்றுவிடுகிறது. உண்மையே இத்தனை சுவையாக இருக்கும்போது அதை மாற்றி எழுதுவது சோம்பல் என்றே நான் நினைக்கிறேன். பாம்பு என்றாலே கொடியது என்று காட்டும் கதைகளையும் நான் தவிர்ப்பேன். வயல் எலிகளைத் தின்னும் சாரைப்பாம்புக்கு நஞ்சே கிடையாது.

தகவல் நூல்கள் மட்டும் போதும் என்பதையும் நான் ஏற்கவில்லை. அவற்றில் பல வெளிநாட்டு நூல்களின் மொழிபெயர்ப்புகள். அங்கே செந்நிற அணில் ஓக் மரத்துக் கொட்டையைப் புதைத்து வைக்கும், இலையுதிர் காலம் முடிந்து பனி பெய்யும். முதுகில் மூன்று கோடுகளுடன் உங்கள் வீட்டு மதில் மேல் ஓடும் அணிலும் ஐப்பசி மழையும் அவற்றில் இரா. இரண்டு வகையும் கலந்திருக்கட்டும்.

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உயிரினம் வரும் பக்கத்தை முதலில் பாருங்கள். காகமோ எறும்போ சரியாக இருந்தால், ஆக்கியவர் அவற்றைக் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம். இந்த வேலைக்கு உங்கள் கணவரின் சந்தேகக் கண் மிகவும் பயன்படும். அவரையும் அழைத்துச் செல்லுங்கள். வாங்குவதற்கு முன் மகனின் விருப்பத்தை அறிய, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.