நிபுணர் சாட்சி நம் பக்கத்து ஆளா?

கையெழுத்து நிபுணர், பொறியாளர், மருத்துவர், சர்வேயர் என்று பலரைச் சிவில் வழக்குகளில் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். எதிர்த்தரப்பு ஏற்றியவர்களைக் குறுக்கு விசாரணையும் செய்திருக்கிறேன். நிபுணர் சாட்சி பற்றி வந்த கேள்விகளுக்கு, தொழிலில் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கிரய ஒப்பந்தத்தில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்கிறார் என் கட்சிக்காரர். நிபுணருக்கு அனுப்பக் கோரி மனுப் போடப் போகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க, வக்காலத்தில் (வழக்கு நடத்த வக்கீலுக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தில்) உள்ள கையெழுத்து போதுமா?

போதாது. வழக்கு வந்த பிறகு போட்ட கையெழுத்தை, வேண்டுமென்றே மாற்றிப் போட்டதாக எதிர்த்தரப்பு சொல்லும். அதில் நியாயமும் இருக்கிறது. ஒப்பந்தத் தேதிக்கு ஓரிரண்டு வருடம் முன்பின்னாகப் போட்டவற்றைத் தேடுங்கள். பதிவான பத்திரம், வங்கியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்து, பழைய விண்ணப்பங்கள் என்று எது கிடைத்தாலும் சரி, அசலாக இருக்க வேண்டும். ஜெராக்ஸில் பேனாவின் அழுத்தம் தெரியாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு வழக்கில் நிபுணர் பெரிதாக்கிய படங்களை வரிசையாக வைத்துக் காட்டினார். ஒப்புக்கொண்ட கையெழுத்துகள் எல்லாவற்றிலும் 'ழ'வின் வால் ஒரே இழுப்பில் இறங்கி அடுத்த எழுத்தோடு சேர்ந்திருந்தது. சர்ச்சைக்குரிய கையெழுத்தில் மட்டும் அந்த வளைவின் நடுவே பேனா நின்று, மை சின்னப் புள்ளியாகத் தேங்கி, அப்புறம்தான் நகர்ந்திருந்தது. நீதிபதி படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஒப்பீட்டுக் கையெழுத்தை மட்டும் கொடுத்திருந்தால் அந்த வித்தியாசம் தற்செயல் என்று போயிருக்கும்.

கேள்வி: நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்க்கலாமே, நிபுணர் எதற்கு?

பார்க்கலாம். அந்த அதிகாரம் பழைய சாட்சியச் சட்டத்தில் 73-வது பிரிவாக இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 72-வது பிரிவாக இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு ஒப்பந்த வழக்கில், முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெருவிரல் ரேகையைத் தானே பார்த்து 'இரண்டும் ஒன்றுதான்' என்று முடிவு செய்தது. தெளிவில்லாத ரேகையை நிபுணர் உதவியில்லாமல் அப்படி மேலோட்டமாகப் பார்த்து முடிவு செய்தது சரியில்லை என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தை நிரூபிக்கும் சுமை வாதியுடையது, அவர்தான் நிபுணரைக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: நமக்குப் பாதகமான ஆவணங்களையும் நிபுணரிடம் காட்ட வேண்டுமா?

கட்டாயம் காட்ட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கட்டடத்தில் விரிசல் விட்டதற்கு ஒப்பந்ததாரர் மீது போட்ட வழக்கு. அஸ்திவாரம் சரியில்லை என்று எங்கள் பொறியாளர் நல்ல அறிக்கை கொடுத்தார். என் கட்சிக்காரர் பின்னால் தன் செலவில் மேலே ஒரு தளம் ஏற்றியிருந்தார், அது குறித்து அவர் எழுதிய கடிதமும் என் வழக்குக் கட்டுக்குள் இருந்தது. நிபுணரைக் குழப்ப வேண்டாம் என்று நான் அதைக் கொடுக்கவில்லை. குறுக்கு விசாரணையில் எதிர் வக்கீல் அந்தக் கடிதத்தை நீட்டி, "இதைப் பார்த்திருந்தால் உங்கள் முடிவு மாறியிருக்குமா?" என்று கேட்டார். பொறியாளர் நேர்மையான மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கும்" என்றார். அவ்வளவுதான், அறிக்கை முழுக்க ஆட்டம் கண்டுவிட்டது.

பிறகு அவரிடம் தனியாகக் கேட்டேன். அந்தக் கூடுதல் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் விரிசலில் பெரும்பகுதிக்கு அஸ்திவாரம்தான் காரணம் என்றார். முன்பே காட்டியிருந்தால் அதை அறிக்கையிலேயே எழுதியிருப்பார். அவர் பெயரையும் நான்தான் கெடுத்தேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. நமக்குச் சாதகமாகப் பேச ஆள் தேடுகிறோம் என்ற நினைப்பில்தான் இந்தத் தப்பு தொடங்குகிறது.

கேள்வி: அறிக்கையைத் தாக்கல் செய்தால் போதுமா, அவரைக் கூண்டிலும் ஏற்ற வேண்டுமா?

நாமாக அமர்த்திய நிபுணர் என்றால் ஏற்றத்தான் வேண்டும். சாட்சி சொல்லாதவரின் அறிக்கை, எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளாதவரை, வெறும் காகிதம்தான். நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமித்த ஆணையர் கதை வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 10(2)-ன்படி அவர் அறிக்கையே சாட்சியமாகிவிடும். வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். அறிவியல் ஆய்வு தேவைப்படும் இடத்தில் விதி 10-ஏ-யின் கீழ் ஆணையரை நியமிக்கக் கேளுங்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பு நிபுணர் பெரிய படிப்புப் படித்தவர். எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?

அவர் படிப்பைச் சீண்டாதீர்கள், அவர் துறையில் அவரை ஜெயிக்கவும் பார்க்காதீர்கள். எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை, எதை உண்மை என்று வைத்துக்கொண்டார், அது மாறினால் முடிவு மாறுமா என்று மட்டும் கேளுங்கள். இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் மரங்களைத் தாக்கிய நோய் தொடர்பான வழக்கில், நிபுணரின் சாட்சியம் ஆலோசனை போன்றதுதான், நீதிபதி தாமே சரிபார்த்து முடிவுக்கு வர உதவும் அளவுகோல்களை அவர் தர வேண்டும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம் சொல்லாத அறிக்கைக்கு எதிராக அந்தத் தீர்ப்பு நன்றாகக் கைகொடுக்கும்.

கேள்வி: புரோநோட்டில் இருக்கும் மையின் வயதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாமா?

பெரும்பாலும் வீண் அலைச்சல். மை எப்போது தயாரானது என்று தெரிந்தாலும், எப்போது எழுதினார்கள் என்பது தெரியாதே. பழைய பேனாவால் நேற்றும் எழுதியிருக்கலாம்.

கேள்வி: மருத்துவ அலட்சியப் புகாருக்கு நிபுணர் கருத்து இருந்தே ஆக வேண்டுமா?

நுகர்வோர் ஆணையத்தில் எல்லாப் புகாருக்கும் வேண்டியதில்லை. தவறு வெளிப்படையாகத் தெரிந்தால் தேவையில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிகிச்சை முறையே சிக்கலானது என்றால் நிபுணர் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: 'ஜெயித்தால் கூடுதல் கட்டணம்' என்று நிபுணரிடம் பேசிக்கொள்ளலாமா?

கூடாது. குறுக்கு விசாரணையில் வெளிவந்த அந்த நிமிடமே அவர் பேச்சுக்கு மதிப்பில்லை.

கேள்வி: எல்லைத் தகராறு. ஆணையர் சர்வேயரோடு வந்து அளக்கப் போகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கு நீங்களும் கட்சிக்காரரும் இடத்தில் இருங்கள். எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்) நகலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்குகிறார் என்று பாருங்கள். பழைய சர்வே கல்லை விட்டுவிட்டு நேற்று நட்ட வேலிக் காலிலிருந்து அளந்தால் கணக்கெல்லாம் சரியாக வரும், எல்லை மட்டும் தப்பாக வரும். அப்படி நடந்தால் சண்டை போடாமல் ஆணையரிடம் அங்கேயே எழுத்தில் மெமோ கொடுத்து, அறிக்கையோடு சேர்க்கச் சொல்லுங்கள்.