அபர்டீனில் ஒரு வெள்ளி இரவு: எங்கே தொடங்குவது, எப்படித் திரும்புவது?

கேள்வி: அலுவலக வேலையாக ஸ்காட்லாந்தின் அபர்டீன் போகிறேன். வெள்ளி இரவு மட்டும்தான் ஓய்வு. பப் பழக்கமில்லை, தனியாகத்தான் போகவேண்டும். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: மாலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். பல பப்களில் சமையலறை ஒன்பது மணிவாக்கில் மூடிவிடும். பத்து மணிக்குப் போனால் வறுத்த கடலையும் சிப்ஸும்தான் இரவுச் சாப்பாடு.

நகரின் முக்கியச் சாலையான யூனியன் ஸ்ட்ரீட்டை விட்டு அதிகம் விலகாமல் மேற்கு நோக்கி நடந்தாலே போதும். செயின்ட் நிக்கோலஸ் சந்திலுள்ள 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில்' சாப்பாடு, அடுத்து லிட்டில் பெல்மாண்ட் தெருவின் பழைய பப்பான 'மா கேமரன்ஸ்', கடைசியாக மியூசிக் ஹாலுக்கு எதிரே 'தி கிரில்'. விஸ்கிக்கென்றே போகவேண்டிய இடம் இது. ஒரே இரவுக்கு மூன்றே அதிகம்.

மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கட்டவேண்டும். யார் முன்னால் வந்தார்கள் என்பது ஊற்றுபவருக்குத் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.

கைப்பம்பில் இறைத்துத் தரும் ஏல் வகை பியர், நிலவறைக் குளிர்ச்சியில், 11 முதல் 13 டிகிரியில்தான் வரும். கெட்டுப்போனதல்ல, அதன் பக்குவமே அதுதான். சில்லென்று வேண்டுமா, லாகர் வகை பியர் கேளுங்கள். ஒரு பைன்ட் 568 மி.லி.; பழக்கமில்லாதவர் 'ஹாஃப்' என்று கேட்கலாம், யாரும் ஒருமாதிரி பார்க்கமாட்டார்கள். விஸ்கி அளவு 25 அல்லது 35 மி.லி., கடையைப் பொறுத்தது. அரிய புட்டிகளின் விலை எகிறும், ஊற்றுமுன் கேட்டுவிடுங்கள். தண்ணீர் கலப்பது தவறே இல்லை.

குடிக்கும் வயது 18. ஆனால் 25-க்குக் கீழே தெரிந்தாலே அடையாளம் கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கடையில் பாட்டில் வாங்க இரவு பத்து வரைதான் சட்டம் அனுமதிக்கும்.

மறுநாள் காலை கார் ஓட்டுவதாக இருந்தால் கவனம். 2014 முதல் ஸ்காட்லாந்தில் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி. ஆல்கஹால்; இங்கிலாந்தின் 80 இங்கே செல்லாது. 4 சதவீத பியர் நான்கு பைன்ட் என்பது சுமார் ஒன்பது யூனிட் (ஒரு யூனிட் 10 மி.லி. தூய ஆல்கஹால்). உடல் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டைத்தான் கழிக்கும். நள்ளிரவில் நிறுத்தினாலும் காலை எட்டு மணிக்குச் சாவியைத் தொடாமலிருப்பது நல்லது. கடலிலுள்ள எண்ணெய் மேடைக்கு ஹெலிகாப்டர் ஏறும் முந்தைய இரவென்றால் குடிக்கவே வேண்டாம், வாடை அடித்தாலே ஏற்றாமல் விடலாம்.

கிளப்புகள் ஒரே நேரத்தில் காலியாகும்போது டாக்சி வரிசை நீண்டுவிடும். அரை மணி முன்னதாகவே வெளியே வந்துவிடுங்கள். கோடையிலும் கடற்காற்று குளிரும், ஜாக்கெட் வேண்டும்.