"எங்கடா வெள்ள?"ன்னு கேட்ட அப்பா

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருக்கேன். லீசிங் போட்டு பழைய சுசுகி ஹஸ்லர் ஒன்னு எடுத்தேன். நான் இல்லாத நேரம் பாத்து அப்பா கார் முழுக்க வேக்ஸ் போட்டிருக்காரு. டயருக்கு மேல வளைவா வர்ற கருப்பு பிளாஸ்டிக், வைப்பருக்குக் கீழ, பம்பர் ஓரம்னு எல்லா இடத்துலயும் பூசி, இப்ப அதெல்லாம் வெள்ளை வெள்ளையா காஞ்சு போய் கெடக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சேன், ரெண்டு நாள் பளபளன்னு இருந்துட்டு திரும்ப வெள்ளை வந்துருச்சு. அப்பாவக் கூப்பிட்டுக் காட்டினா "எங்கடா வெள்ள?"ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு. இனிமே கார்ல கை வைக்க வேணாம்னு சொல்லிட்டேன். இத எப்படி எடுக்குறது? அப்பாக்கு 64 வயசு, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்து வேலை செஞ்சவரு.

பதில்: தம்பி, முதல்ல கறைய சொல்லிட்டு வந்துர்றேன், ஏன்னா அது சின்ன வேலை.

ஹஸ்லர்ல அந்த வளைவு பெயிண்ட் அடிச்ச பிளாஸ்டிக் இல்ல, தொட்டா சொரசொரன்னு இருக்கும், அந்தக் குழியில எல்லாம் வேக்ஸ் எறங்கிருது. வேக்ஸோட சேத்து சில போத்தல்ல பாலிஷ் பண்ற மாவும் இருக்கும், வெள்ளையாத் தெரியுறதுல பாதி அதுதான். மண்ணெண்ணெய் போட்டப்ப மாவு நனைஞ்சு கருப்பாத் தெரிஞ்சுது, காஞ்சதும் பழையபடி. அத நிப்பாட்டுங்க. பெற்றோல், தின்னர் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக்கயும் திங்கும் பக்கத்துல உள்ள பெயிண்ட்டயும் திங்கும். சட்டி தேய்க்கிற பச்சை நாரும் வேணாம், அந்தக் கீறல் கடைசி வரைக்கும் போகாது.

கார நிழல்ல நிப்பாட்டி, சுடுதண்ணியில சட்டி கழுவுற லிக்விட் கொஞ்சம் கலந்து, பழைய மெத்து டூத் பிரஷ்ஷால சின்னச் சின்ன வட்டமாத் தேய்ங்க. புதுக் கறைன்னா இதுலயே பாதி போயிரும். மிச்சத்துக்கு, தலைமுடி காய வைக்கிற டிரையர் இருந்தா ஒரு சாண் தூரத்துல பிடிச்சு கை பொறுக்குற அளவு சூடாக்குங்க, வேக்ஸ் எளகினதும் மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி ஒத்தி எடுங்க, துணிய அடிக்கடி திருப்பணும், இல்லன்னா எடுத்தத திரும்ப அதுலயே பூசுற கதையா ஆயிரும். அப்பயும் போகாட்டி பாமசியில சேர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, முதல்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில போட்டுப் பாத்துட்டு, அதே பிரஷ்ஷால தேய்ச்சு உடனே தண்ணி ஊத்திருங்க. நாலஞ்சு புள்ளி மட்டும் நின்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வச்சிருக்கிற வெள்ளை அழிறப்பர் போதும். எல்லாம் காஞ்ச பிறகு பிளாஸ்டிக்குக்குன்னு விக்கிற டிரெஸ்ஸிங் ஒரு தடவ பூசுங்க. அடுத்த தடவ வேக்ஸ் போடுறதுக்கு முன்ன ஹாட்வேர்ல மாஸ்கிங் டேப் வாங்கி கருப்பு ஓரம் எல்லாத்தயும் மூடிருங்க.

கறை விசயம் முடிஞ்சுது. இப்ப நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன வரிக்கு வாறேன்.

"எங்கடா வெள்ள?"

உங்க கடிதத்த நான் மூணு தடவ படிச்சேன், மூணு தடவயும் அந்த இடத்துல தான் நின்னேன். கருப்பு பிளாஸ்டிக்ல வெள்ளை மாவு, அத நீங்க விரல் வச்சுக் காட்டுறீங்க, அவருக்குத் தெரியல. நீங்க என்ன நெனச்சீங்க? சமாளிக்கிறாருன்னா? செஞ்ச தப்ப ஒத்துக்க மாட்டேங்கிறாருன்னா? அப்பிடி நெனச்சதால தானே கோவத்துல கார்ல கை வைக்காதன்னு சொன்னீங்க!

தம்பி, அவரு கவ்வாத்து வெட்டினவரு. கவ்வாத்துன்னா என்னன்னு தோட்டத்துப் பிள்ளைக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல, ஆனாலும் சொல்றேன், ஏன்னா நீங்க மறந்துட்டீங்க. மலைச் சரிவுல கால ஊன்றிக்கிட்டு, ஒவ்வொரு செடியா, எந்தக் குச்சிய விடணும் எந்தக் குச்சிய எடுக்கணும்னு பாத்து, ஒரே வெட்டுல சாய்வா, பட்டை கிழியாம, நிரை முழுக்க ஒரே மட்டத்துக்குக் கொண்டு வரணும். கண்ணுதான் அங்க அளவுகோல். அந்தக் கண்ணுக்கு இன்னைக்கு பெயிண்ட் எங்க முடியுது கருப்பு எங்க தொடங்குதுன்னு தெரியல. கைய வச்சுத் தடவித் தடவி உங்க கார் முழுக்கப் பூசிருக்காரு. அது உங்களுக்குக் கறையா மட்டும் தெரிஞ்சிருக்கு, எனக்கு அதுதான் பொறுக்கல.

கண்ணுல பூ விழுந்திருக்குன்னு நம்ம ஆளுங்க சொல்வாங்களே, டொக்டர்மார் கற்றரக்ட்ன்னு சொல்றது, அது வலிக்காது, சிவக்காது, மெதுவா மங்கிக்கிட்டே போகும், அதனாலயே வீட்டுல யாருக்கும் தெரியாது. வயசு ஒரு காரணம், சீனி வருத்தம் ஒரு காரணம், வருசக்கணக்கா வெயில்ல நிக்கிறதும் ஒரு காரணம். மலையில உயரம் போகப் போக வெயில்ல உள்ள புற ஊதாக் கதிர் கூடும், நுவரெலியா 1,868 மீட்டர், குளுருக்கும் மேகத்துக்கும் அது தெரியாம போகுதே தவிர இல்லாமப் போகல. கார் பிளாஸ்டிக்க நரைக்க வைக்கிற அதே வெயில்ல தான் உங்கப்பா தொப்பியோ கண்ணாடியோ இல்லாம நின்னிருப்பாரு.

ஆனா எல்லா மங்கலும் கற்றரக்ட்னு நெனச்சு ஆறுதலா இருந்துராதீங்க. கற்றரக்ட்டுன்னா ஒப்பரேஷன் பண்ணி லென்ஸ் வச்சா பார்வை திரும்பும். கண்ணுக்குள்ள பிரஷர் கூடுற வருத்தம்னா போன பார்வை போனதுதான், மிச்சத்தத் தான் காப்பாத்தலாம். சீனியால கண்ணு கெட்டாலும் நாள் கடத்தக் கூடாது. எதுன்னு டொக்டர் பாத்துத்தான் சொல்லணும், நானும் சொல்ல முடியாது நீங்களும் சொல்ல முடியாது.

இன்னைக்கு வீட்டுக்குப் போய் கொஞ்சம் கவனிங்க. 50 ரூபா தாளையும் 1,000 ரூபா தாளையும் தடவிப் பாத்துத் தர்றாரா? நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியுதா? ராவுல எதுக்க வர்ற ஹெட்லைட்டுக்கு மொகத்தத் திருப்புறாரா? பொழுது பட்டா இஸ்தோப்ப, அதான் முன் விறாந்தைய, விட்டு எறங்காம இருக்காரா? இதெல்லாம் ரொம்ப நாளா நடந்துக்கிட்டு இருந்திருக்கும், கேட்டா ஒன்னுமில்லன்னு தான் சொல்வாரு, பிள்ளைக்கு செலவு வைக்கக் கூடாதுன்னு பொத்தி வைக்கிற தலைமுறை அது.

இத நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்கம்மாட்ட நானும் இதே தப்ப செஞ்சிருக்கேன். சொளகுல அரிசி பொடச்சு கல்லு பொறுக்குறதுல எங்க லயத்துலயே அவங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஒரு காலத்துல சோத்துல கல்லு வர ஆரம்பிச்சுது. ஒரு நாள் கடிபட்டு பல்லு கூச, தட்டத் தள்ளி வச்சுட்டு "பாத்துப் பொறுக்க மாட்டீங்களா"ன்னு கத்திட்டேன். அம்மா ஒன்னும் சொல்லல. மறுநாள் காலையில பாத்தா சொளகத் தூக்கிக்கிட்டு வெளிச்சத்துக்காக வாசப்படிக்குப் போய், மூக்குக்கிட்ட வச்சு ஒவ்வொரு அரிசியா விரலால உருட்டிக்கிட்டு இருக்காங்க. அப்பயும் எனக்கு வெளங்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக இன்னும் எட்டு மாசம் எடுத்தேன்.

பெத்தவங்க கண்ணு மங்குறத முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது பிள்ளை தான், டொக்டர் இல்ல. வண்டி எடுத்தவனுக்கு அந்த வண்டியில முதல்ல அப்பாவ ஏத்தி ஆஸ்பத்திரிக்குப் போற கடமை இருக்குன்னு நான் நெனைக்கிறேன், பழைய காலத்துப் பேச்சுன்னு யாரும் சொன்னாலும் பரவாயில்ல.

டிக்கோயா ஆஸ்பத்திரி ஓ.பி.டியில காட்டி, கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லுங்க. நுவரெலியாவுக்கு அனுப்பினாலும் கண்டிக்கு அனுப்பினாலும் போங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில கிளினிக் பாக்க காசு இல்ல. அவரு குடிக்கிற மருந்து எல்லாத்தயும் பையில போட்டு எடுத்துக்கங்க, சீனியும் பாக்கச் சொல்லுங்க. கண்ணுக்கு சொட்டு மருந்து போட்டா சில மணித்தியாலத்துக்கு எல்லாம் பூசினாப்ல தான் தெரியும், தனிய பஸ்ல அனுப்பிராதீங்க. லீவு போட்டு நீங்க போங்க.

அதுக்கு முன்ன இன்னொன்னு. கார்ல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னத இன்னைக்கே வாபஸ் வாங்குங்க. மன்னிப்புன்னு பெரிசா ஒன்னும் பேச வேணாம், நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு அது வராது. ஞாயித்துக்கிழமை காலையில மாஸ்கிங் டேப்ப நீங்க ஒட்டுங்க, கருப்பு எல்லாம் மூடின பிறகு வேக்ஸ் டப்பாவயும் துணியயும் அவரு கையில குடுங்க.